பத்தே நிமிஷம், சின்ன கால்

தம்பி, உன்னை டீம் மேனேஜர் ஆக்கிவிட்டார்களாம். சந்தோஷம். லிங்க்ட்இன்னில் படமும் போட்டுவிட்டாய்: கோட்டு சூட்டு, பின்னால் கண்ணாடிக் கட்டடம், கீழே "பணிவோடு ஏற்கிறேன்" என்று ஒரு வரி. முடிசூடிய மன்னர்களுக்குக்கூட இத்தனை பணிவு இருந்ததாகத் தெரியவில்லை. நேற்று வரை சோழிங்கநல்லூர் டீக்கடையில் அதே ஒன்பது பேரோடு நின்று, பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே மேனேஜரைத் திட்டிக்கொண்டிருந்தவன் நீ. இனி நீ போனால் அங்கே பேச்சு நின்றுவிடும். எல்லோருக்கும் திடீரென்று மெட்ரோ வேலையைப் பற்றியும் மழையைப் பற்றியும் அக்கறை வந்துவிடும். பதவியின் முதல் பலன் அது. இரண்டாவது பலன் சம்பள உயர்வு. வருமான வரி போக, டீம் பார்ட்டிக்குக் கைக்காசு போடப்போவதும் போக, எவ்வளவு நிற்கும் என்று கணக்குப் பார். பஜ்ஜிக்கு மிஞ்சும்.

உன்னை ஏன் எடுத்தார்கள் என்று யோசித்தாயா? நீ நன்றாகக் கோட் எழுதுவாய். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் எழுந்து உட்கார்ந்து தூக்கி நிறுத்துவாய். ஆகவே உன்னைக் கோட் எழுத விடாத ஒரு வேலையில் உட்காரவைத்துவிட்டார்கள். 1969இலேயே லாரன்ஸ் பீட்டரும் ரேமண்ட் ஹல்லும் ஒரு புத்தகம் போட்டு இதைக் கிண்டல் செய்தாயிற்று: ஒருவர் தனக்கு வராத வேலை கைக்கு வரும்வரை பதவி உயர்வு பெற்றுக்கொண்டே போவார், வந்ததும் அங்கேயே தங்கிவிடுவார். நகைச்சுவைப் புத்தகம்தானே என்று தள்ளவும் முடியாது. அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் விற்பனைப் பிரிவுத் தரவுகளைத் தோண்டிய மூன்று ஆய்வாளர்கள் 2019இல் அதையே எண்களாக வெளியிட்டார்கள். அதிகம் விற்றவருக்கே மேலாளர் பதவி கிடைக்கிறது. அப்படி வந்தவருக்குக் கீழே இருப்பவர்களின் விற்பனைதான் அதிகம் விழுகிறது. நிர்வாகத்துக்கு இது தெரியாது என்றா நினைக்கிறாய்? சம்பளத்தை உயர்த்தினால் செலவு, பெயரை உயர்த்தினால் இலவசம். அவர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள்.

ஆனால் உன்னைக் கைவிட மாட்டார்கள். பயிற்சி உண்டு. உன்னைப் போன்ற இருபது பேரை ஒரு பஸ்ஸில் ஏற்றி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டுக்கு அழைத்துப்போவார்கள். இரண்டு நாள். சமைக்காத ஸ்பெகட்டிக் குச்சிகளை செலோடேப்பால் ஒட்டிக் கோபுரம் கட்டச் சொல்வார்கள், உச்சியில் ஒரு மார்ஷ்மெல்லோ உட்கார வேண்டும். வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் முப்பத்தைந்து வயது ஆண்களும் பெண்களும் மார்ஷ்மெல்லோவுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு கண்ணை மூடிப் பின்பக்கமாகச் சாயச் சொல்வார்கள், சகாக்கள் தாங்கிப் பிடிப்பார்கள், அதற்குப் பெயர் நம்பிக்கை. அலுவலகத்தில் சாய்ந்தால் பிடிக்க யார் என்று கேட்டுவிடாதே. மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிடும்.

அந்தப் பயிற்சியாளர் ராபர்ட் கிரீன்லீஃப் பெயரைக் கட்டாயம் சொல்வார். சேவகனே தலைவன் என்ற கருத்து அவருடையது. ஏடி அண்ட் டி நிறுவனத்தில் ஏறத்தாழ நாற்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், ஹெர்மன் ஹெஸ்ஸே நாவல் ஒன்றில் வரும் வேலைக்காரனை மனதில் வைத்து 1970இல் அந்தக் கட்டுரையை எழுதினார். தலைவன் நல்லவனா என்று பார்க்க, அவனுக்குக் கீழே இருப்பவர்கள் வளர்கிறார்களா என்று பார் என்றார் மனிதர். நாற்பது வருஷம் உள்ளேயிருந்து பார்த்தவர் கண்டுசொன்னதை நம் பயிற்சியாளர் நாற்பது நிமிஷத்தில் முடித்துவிட்டு, எல்லோரையும் எழுந்து ஆடச் சொல்வார். ஆடாதவனுக்கு டீம் ஸ்பிரிட் இல்லை.

திங்கட்கிழமை திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் உன் அதிகாரம் என்ன என்று எண்ணிப் பார். ஆள் எடுக்க முடியுமா? அது எச்.ஆர். சம்பளம் கூட்ட முடியுமா? அது ஃபைனான்ஸ். வேலை முடியும் தேதியை நீ சொல்ல முடியுமா? நீ பதவிக்கு வருவதற்கு முன்பே ஒரு சேல்ஸ் ஆள் நியூஜெர்சியில் கைகுலுக்கி அந்தத் தேதியை விற்றுவிட்டார். ஒருவன் வேலையை விட்டுப் போனால் அவன் இடத்துக்கு இன்னொருவன் வேண்டும் என்றால், "இருக்கிற பேண்ட்விட்த்தில் மேனேஜ் பண்ணுங்க" என்று பதில் வரும். உன் முடிவுக்கு விடப்பட்டவை இரண்டு: பிறந்தநாள் கேக் பிளாக் ஃபாரஸ்டா பட்டர்ஸ்காட்சா என்பது, சனிக்கிழமை யார் வர வேண்டும் என்பது. இதற்கு ஓனர்ஷிப் என்று பெயர். தலைவலி முழுக்க உனக்குச் சொந்தம், தைலம் மட்டும் மும்பையிலோ டல்லஸிலோ பூட்டியிருக்கும்.

பிறகு எதற்கு உன்னை வைத்திருக்கிறார்கள்? அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஒரு மசோதா நிறைவேறியது. தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்தம். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன. கடைசியில் மே 1ஆம் தேதி முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது 1923 மே 1. சரியாக நூறு வருஷம். நூறு வருஷம் கழித்தும் இந்த ஊரில் எட்டு மணி நேரத்தைத் தொட்டால் அரசாங்கமே பின்வாங்க வேண்டியிருக்கிறது என்று பெருமைப்பட்டோம்.

அந்தப் பெருமையோடு ராத்திரி ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு முறை போய்ப் பார். தரமணியிலிருந்து சிறுசேரி வரை எந்தக் கட்டடத்தில் விளக்கு அணைந்திருக்கிறது? அரசாங்கத்தால் சட்டம் போட்டுக் கொண்டுவர முடியாத 12 மணி நேரத்தை, மசோதா இல்லாமல், விவாதம் இல்லாமல், வெளிநடப்பு இல்லாமல் கொண்டுவந்தவர் யார்? டீம் மேனேஜர். "பத்தே நிமிஷம், சின்ன கால்" என்று ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு அழைப்பு. அங்கே கிளையண்டுக்குக் காலை, இங்கே குழந்தைக்குத் தூக்கம். பத்து நிமிஷம் பதினொன்றே கால் வரை போகும். மறுநாள் காலை ஒன்பதுக்கு ஸ்டாண்ட்-அப். அட்டையைத் தேய்த்து உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் உனக்கு ரிப்போர்ட்டாக வரும். வீட்டில் உட்கார்ந்து பேசிய ராத்திரி அதில் வராது. அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் நீ ஒருவனிடம், "ஏன் நேத்து ஆறரைக்கே கிளம்பிட்ட?" என்று கேட்கப்போகிறாய்.

மேலே இருப்பவர்கள் வெளிப்படையாகப் பேசுவார்கள், அது அவர்களுக்குக் கட்டுப்படியாகும். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் அதை 90 ஆக்கினார். ஞாயிற்றுக்கிழமை உங்களை வேலை வாங்க முடியவில்லையே என்று வருத்தப்பட்டு, வீட்டில் எத்தனை நேரம் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். நாடே சிரித்தது, கோபப்பட்டது, மீம் போட்டது, மறந்தது. அவர்கள் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். 90 மணி நேரத்தை ஒன்பது பேரின் வாரத்துக்குள் ஒவ்வொரு மணியாகச் சொருக வேண்டிய கைகள் உன்னுடையவை. அதுவும் உத்தரவாகச் சொருகக் கூடாது. "கைஸ், நம்ம எல்லாரும் சேர்ந்து ஒரு ஸ்ட்ரெட்ச் பண்ணலாமா?" என்று நைச்சியமாகச் சொருக வேண்டும். ரிசார்ட்டில் கற்றுத்தந்தது அந்த நைச்சியத்தைத்தான், தம்பி. மார்ஷ்மெல்லோ சும்மா.

லீவு விஷயத்தைப் பார். பொங்கலுக்கு ஊருக்குப் போக ஒரு பையன் மூன்று நாள் கேட்பான். அந்த வாரம் ரிலீஸ் இருக்கும். நவம்பரில் அமெரிக்கர்கள் தேங்ஸ்கிவிங் கொண்டாடும் வாரத்தை மட்டும் யாரும் உன்னிடம் லீவு கேட்டு வாங்குவதில்லை, அது காலண்டரில் முன்பே அடைக்கப்பட்டிருக்கும். அங்கே வான்கோழி வெந்துகொண்டிருக்கும்போது இங்கே சப்போர்ட்டுக்கு ஆள் போடுவதும் நீதான். திருநெல்வேலிக்காரன் அம்மாவைப் பார்க்கப் போவது "டிபென்டென்சி ரிஸ்க்" என்று உன் எக்ஸெலில் ஏறும். நீ கெட்டவன் என்று சொல்லவில்லை. உன் ஊர் கோவில்பட்டி என்பதும், போன பொங்கலுக்கு நீயே லீவுக்காகக் கெஞ்சியதும் எனக்குத் தெரியும்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருவோம். மார்ச் வரும், அப்ரைசல் வரும், மணி வடிவத்தில் ஒரு வளைவு வரும். இந்த வளைவுக்குக் கார்ப்பரேட் உலகில் ஒரு பெரிய பக்தர் இருந்தார். ஜாக் வெல்ச், 1981 முதல் 2001 வரை ஜெனரல் எலக்ட்ரிக்கின் தலைவர். ஊழியர்களில் மேலே 20 சதவீதம், நடுவே 70, கீழே 10. கீழே இருப்பவர்களை வெளியே அனுப்பு. அவரைப் பத்திரிகைகள் தூக்கிக் கொண்டாடின. மைக்ரோசாஃப்ட் இதே வகையான தரவரிசையை வருஷக்கணக்கில் ஓட்டிப் பார்த்து, ஊழியர்கள் போட்டி நிறுவனத்தை விட்டுவிட்டு ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டிருக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுகளுக்கு நடுவே 2013 நவம்பரில் தூக்கிப் போட்டது. ஜெனரல் எலக்ட்ரிக்கே பின்னாளில் கைவிட்டது. அங்கே குப்பைக்குப் போனது இங்கே பலருக்குச் சுவாமிப் படம். சில நிறுவனங்கள் வளைவை ஒழித்துவிட்டோம் என்று பத்திரிகைக் குறிப்பு வெளியிடுகின்றன. பெயரை ஒழித்துவிட்டு, "டிஃபரன்ஷியேஷன்" என்று புதுப் பெயரில் அதே சதவீதத்தைக் கேட்கின்றன.

கணக்கைப் போட்டுப் பார். பல்லாயிரம் பேரை ஒரே அளவுகோலில் அளந்தால், சிலவற்றில் அந்த வளைவு வரலாம், வராமலும் போகலாம். ஒன்பது பேரில் எப்படி வரும்? ஒன்பது பேருமே நல்லவர்களாக இருக்கலாம் என்பதற்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது. ஒன்பதில் பத்து சதவீதம் 0.9 ஆள். 0.9 ஆளை வேலையை விட்டு அனுப்ப முடியாது. ஆகவே முழு ஆளாக்குவார்கள்.

யார் அந்த ஆள்? "நார்மலைசேஷன்" என்று ஒரு அறைக்குள் எல்லா மேனேஜர்களும் கூடுவீர்கள். அங்கே பேரம் நடக்கும். "என் ஆளுக்கு நாலு குடு, அடுத்த வருஷம் உன் ஆளுக்கு நான் விட்டுத்தரேன்." பத்து வருஷமாக அந்த அறைக்கு வந்துபோகிறவன் சத்தமாகப் பேசித் தன் ஆட்களைக் காப்பாற்றிக்கொள்வான். நீ புதுசு. உன் டீமுக்குத்தான் அந்தக் கடைசிக் கட்டம் வந்து விழும். பிறகு யார் பெயரை எழுதுவது என்ற கேள்வி. பிரசவ விடுமுறையில் போய் வந்த பெண்ணின் பெயர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றும். அந்தப் பெண் மோசமாக வேலை செய்தாள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "டேட்டா பாயிண்ட்ஸ் கம்மியா இருக்கே" என்பார்கள். மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்திப் பாராளுமன்றம் திருத்தம் கொண்டுவந்தது 2017இல். பாராளுமன்றம் கொடுத்த அரை வருஷத்தை ஓ.எம்.ஆரின் எட்டாவது மாடியில், ஏ.சி. குளிரில், டேட்டா பாயிண்ட் என்ற ஒரே சொல்லால் திரும்பப் பறித்துவிடலாம். கையெழுத்து உன்னுடையது.

அதன்பின் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்லும் வேலை. எச்.ஆர். உனக்கு முன்கூட்டியே பாடம் எடுப்பார்: "மேலிருந்து சொன்னாங்கன்னு சொல்லக் கூடாது. இது உங்க டிசிஷன். ஓன் பண்ணுங்க." முதலில் ஒரு பாராட்டு, நடுவில் இடி, கடைசியில் இன்னொரு பாராட்டு. அவள் அழுதால் டிஷ்யூ பெட்டியை நகர்த்து, மன்னிப்புக் கேட்காதே, சட்டச் சிக்கல் வரும். யாரோ எடுத்த முடிவை உன் வாயால் உன் முடிவாகச் சொல்லத் தெரிந்துவிட்டால், எழுதிவைத்துக்கொள், உனக்குத் தலைமைப் பண்பு வந்துவிட்டது. அடுத்த பதவி நிச்சயம்.

தங்கச்சி, நீயும் மேனேஜர் ஆகியிருந்தால் உனக்கு இதில் ஒரு தள்ளுபடியும் கிடையாது, கூடுதல் வரி உண்டு. மென்மையாகப் பேசினால் "ஸ்ட்ராங்கா இல்ல", கறாராகப் பேசினால் "ரொம்ப எமோஷனல்". உன் அண்ணன் அதே வார்த்தையைப் பேசினால் "ஃபயர் இருக்கு."

இந்தப் பதவிக்கு இன்னொரு பரிசும் உண்டு, அதைப் பயிற்சியில் சொல்ல மாட்டார்கள். 1947ஆம் வருஷத் தொழில் தகராறுகள் சட்டம் "தொழிலாளி" யார் என்று வரையறுக்கும்போது, முக்கியமாக நிர்வாகப் பணியில் இருப்பவரை வெளியே நிறுத்திவிட்டது. மேற்பார்வை வேலை செய்பவருக்கு ஒரு சம்பள வரம்பு, தாண்டினால் அவரும் வெளியே: மாதம் 1,600 ரூபாயாக இருந்ததை 2010இல் 10,000 ஆக்கினார்கள். 2020இல் நிறைவேறிய தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு அதை 18,000 ஆக்கியது. உன் சம்பளம் அந்த வரம்பைக் கல்லூரியிலிருந்து வந்த மாதமே தாண்டியிருக்கும். பட்டம் முக்கியமில்லை, செய்யும் வேலையின் தன்மைதான் முக்கியம் என்று நீதிமன்றங்கள் சொல்கின்றன, வாஸ்தவம். ஆனால் நான் மேனேஜ் பண்ணவில்லை, எக்ஸெல்தான் நிரப்பினேன் என்று நிரூபிக்க வேண்டியவன் நீ. அதற்குள் நீ கையெழுத்துப் போட்ட அப்ரைசல் தாள்கள் எல்லாம் உனக்கு எதிரே வந்து உட்காரும். ஐ.டி. ஊழியர்களும் சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்று 2016இல் தமிழ்நாடு அரசு தெளிவாகவே சொல்லியாயிற்று. அந்தச் செய்தி வந்த அன்று டீக்கடையில் நீயும் கைதட்டியிருப்பாய். இனி சங்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று உன்னிடம்தான் மெதுவாக விசாரிப்பார்கள்.

2024இல் புனேயில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன ஓர் இளம் தணிக்கையாளர் இறந்துபோனார். அவர் தாய் நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதம் வெளியே வந்தது. ராத்திரியிலும் வார இறுதியிலும் வந்து விழுந்த வேலை, கிரிக்கெட் பார்ப்பதற்காகக் கூட்டங்களைத் தள்ளிவைத்து நாள் முடியும் நேரத்தில் வேலை கொடுத்த மேலாளர் என்று அதில் அந்தத் தாய் எழுதியிருந்தார். இறுதிச் சடங்குக்கு அலுவலகத்திலிருந்து ஒருவரும் வரவில்லை என்றும் எழுதியிருந்தார். வேலைப்பளுவால் மரணம் என்பதை நிறுவனம் ஏற்கவில்லை. அது ஒருபுறம் இருக்கட்டும். ஒருவர்கூட வரவில்லை, தம்பி. அந்த அலுவலகத்திலும் பயிற்சி நடந்திருக்கும். அங்கேயும் கண்ணை மூடிச் சாய்ந்திருப்பார்கள், அங்கேயும் யாரோ ஒருவர் "எம்பதி" என்று திரையில் பெரிய எழுத்தில் போட்டிருப்பார். சாவு வீட்டுக்குப் போக வேண்டும் என்று கற்றுக்கொள்ள எவனுக்கு ஸ்லைடு வேண்டும்? நம் ஊரில் பகைவன் வீட்டுச் சாவுக்கும் போய்த் தெருவிலாவது நின்றுவிட்டு வருவார்கள். எம்.பி.ஏ. படித்தால் அது மறந்துவிடுமா?

நல்ல மேலாளர் எப்படி இருப்பார் என்பது மலை உச்சியில் மறைத்துவைத்த ரகசியமும் அல்ல. கூகுள் 2002இல் பொறியாளர்களுக்கு மேலாளரே வேண்டாம் என்று சோதித்துப் பார்த்தது. சில மாதங்கள்தான் தாக்குப்பிடித்தது. செலவுச் சீட்டு முதல் சகாக்களின் சண்டை வரை எல்லாம் நேரே நிறுவனர் மேசைக்கு வந்து நின்றன. பிறகு 2009 வாக்கில் தன் சொந்த ஊழியர் தரவுகளையே அலசி, நல்ல மேலாளரின் எட்டு குணங்களைப் பட்டியலிட்டது. சொல்லிக்கொடுப்பது முதலில் இருந்தது. தோளுக்கு மேல் எட்டிப் பார்க்காமல் வேலையை விட்டுத்தருவது அடுத்தது. கீழே இருப்பவரின் நலத்தில் அக்கறை அதற்கு அடுத்தது. உன்னைப் பதவிக்குக் கொண்டுவந்த தொழில்நுட்பத் திறமை எட்டில் எட்டாவது. அத்தனை கம்ப்யூட்டரைத் தட்டிக் கண்டுபிடித்ததை, லாரி செட்டில் இருபது வருஷமாக ஆள் நிற்கவைத்து வேலை வாங்கும் ஒரு மேஸ்திரி வெற்றிலை மென்றுகொண்டே சொல்லியிருப்பார். யாருக்கும் தெரியாததால் நடக்கவில்லை என்று நினைக்காதே. வேண்டாம் என்பதால் நடக்கவில்லை. கீழே இருப்பவனை வளர்க்கும் மேனேஜருக்கு எந்த டாஷ்போர்டிலும் பச்சை விளக்கு எரிவதில்லை. யூட்டிலைசேஷன் 98 சதவீதம் காட்டுபவனுக்கு எரிகிறது.

சரி, என்ன செய்வது என்று கேட்கிறாய். வேலையை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு வாய் வராது, உன் வீட்டு ஈ.எம்.ஐ.யை நான் கட்டப்போவதில்லை. புரட்சி செய் என்றும் சொல்லவில்லை. டைம்ஷீட்டை மட்டும் எடுத்துக்கொள்.

உன் டீம் போன வாரம் ஆளுக்கு அறுபது மணி நேரம் உழைத்தது. டைம்ஷீட்டில் நாற்பத்தைந்து என்று இருக்கிறது. அப்படி எழுதச் சொல்லும் மின்னஞ்சல் எங்கும் கிடையாது, வாய்மொழிதான், மேனேஜரிடமிருந்து மேனேஜருக்குக் குருகுல முறையில் வருவது. மீதிப் பதினைந்து மணி நேரம் உலகத்தில் நடக்கவே இல்லை. அந்த நாற்பத்தைந்தை வைத்துத்தான் இந்த வேலையை இவ்வளவு குறைந்த ஆட்களால் முடிக்கலாம் என்று சேல்ஸ் ஆள் அடுத்த கிளையண்டிடம் தேதி கொடுக்கிறார். அந்தத் தேதிதான் திரும்ப உன் தலையில் வந்து விழுகிறது, அதை முடிக்க மறுபடி அறுபது, எழுத மறுபடி நாற்பத்தைந்து. இந்தப் பொய்க் கணக்கின் ஒரே காவலாளி நீ. அப்ரூவ் பொத்தான் உன்னிடம் இருக்கிறது. கேக்கைத் தவிர உன்னிடம் உண்மையாகவே இருக்கும் அதிகாரம் அது ஒன்றுதான்.

இந்த வெள்ளிக்கிழமை ஒன்பது பேருக்கும் எழுத்தில் அனுப்பு: உழைத்த மணி நேரம் முழுவதையும் எழுதுங்கள், ராத்திரி கால் உட்பட. வந்ததை அப்ரூவ் பண்ணு. திங்கட்கிழமை டெலிவரி ஹெட் கூப்பிட்டு, மார்ஜின் ஏன் விழுந்தது என்று கேட்பார். விழவில்லை சார், இத்தனை நாளும் இல்லாத மார்ஜினைக் காட்டிக்கொண்டிருந்தோம் என்று சொல். அவருக்குப் பிடிக்காது. உன் ரேட்டிங் போகும். அடுத்த மார்ச்சில் 0.9 ஆளைத் தேடும்போது மேலே ஒரு அறையில் உன் பெயர் முதலில் வரும். வரட்டும். பிள்ளை பெற்றுவிட்டு வந்த பெண்ணின் பெயரைவிட அந்தக் கட்டத்துக்கு அது எவ்வளவோ பொருத்தம். டேட்டா பாயிண்ட்ஸும் கம்மி என்று யாராலும் சொல்ல முடியாது, ஒன்பது பேரின் டைம்ஷீட்டும் அத்தாட்சியாக இருக்கும்.